ஐம்பது ஏக்கரும் ஏழு பேர்ச்சும்

கி.மு. 133இல் உரோமில் திபேரியுஸ் கிராக்குஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பொதுக்காணியில் ஒருவர் 500 யூகெராவுக்கு மேல், நம் கணக்கில் ஏறக்குறைய 300 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கக்கூடாது, மிச்சம் காணியற்றவர்களுக்கு. அதே ஆண்டில் செனட்டர்கள் திரண்டு வந்து அவரை அடித்தே கொன்றார்கள். எல்லோரும் பேசுவது அந்தக் கொலையைத்தான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. குடியுரிமையில்லாத இத்தாலியர்கள், தங்கள் கைவசமிருந்த காணியும் பறிபோவதாக முறையிட்டார்கள். காணிச் சீர்திருத்தம் உண்மையில் யாருக்கானது என்பதை உச்சவரம்பு சொல்லாது, பெறுவோர் பட்டியல்தான் சொல்லும்.

இலங்கையைப் பாருங்கள். 1971 கிளர்ச்சியை அடுத்து வந்த 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் வயலுக்கு 25 ஏக்கர், மற்றக் காணிக்கு 50 ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. இரண்டும் சேர்த்து ஒன்பது லட்சம் ஏக்கருக்கு மேல். துணிச்சலான காரியம்தான். ஆனால் அந்த மண்ணில் தலைமுறையாகக் கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, காணி கேட்கும் வரிசையிலேயே நிற்க முடியாதிருந்தார்கள். சில தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைவிட்டே துரத்தப்பட்டு வன்னிக்குப் போனார்கள். 1977 மே மாதம் மலையகத்தின் டெவன் தோட்டத்தில் காணி பிரிப்பதை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது பொலிஸ் சுட்டதில் ஓர் இளைஞர் இறந்தார்.

கண்டிக் கிராமத்தவரிடமிருந்து 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெள்ளையர் பறித்த காணி, அவர்களுக்கே திரும்பியதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த இழப்பு மெய்யானது. ஆனால் நல்ல தேயிலைத் தோட்டங்களில் பெரும்பகுதி கிராமத்தவருக்கும் போகவில்லை. அரச கூட்டுத்தாபனங்களிடம் போனது, 1992இல் அங்கிருந்து மீண்டும் கம்பனிகளிடம். துரை மாறினார், லயம் மாறவில்லை. தோட்டத்தைத் துண்டுபோட்டால் தேயிலை அழியும் என்பது அடுத்த வாதம். இன்று இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் சிற்றுடைமையாளர் தருவது. அதற்கு மேல் பதில் தேவையில்லை.

2015க்குப் பிறகு லயத்துக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்ற திட்டம் வந்தது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். கொழும்பை அடுத்த கொலன்னாவையில் காணி தேடி அலைகிறவருக்கு ஏழு பேர்ச்சின் அளவு நன்றாகத் தெரியும்: ஒரு வீடும் கொஞ்சம் முற்றமும். 1972இல் ஒரு நிலவுடைமையாளர் வைத்துக்கொள்ள விடப்பட்ட 50 ஏக்கரில் அப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் அடங்கும். அந்த ஏழு பேர்ச்சுக்கான காணி உறுதியைத்தான் லயத்துக் குடும்பங்கள் பல இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.