சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு கோள்

இன்னைக்கு எபிசோட் ஒரு ஆன்லைன் கேமைப் பத்தி. ஆனா அதுல யாரும் யாரையும் சுடாத ஒரு சின்ன ஜன்னலைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன்.

ஈவ் ஆன்லைன் கேள்விப்பட்டிருப்பீங்க. ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு. ஆயிரக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள், கூட்டணிகள், துரோகங்கள், மணிக்கணக்கில் நடக்கும் போர்கள். வெளியே இருந்து பார்க்கிறவங்க இதை, எக்செல் ஷீட்டுக்கு விண்வெளி வால்பேப்பர் போட்டமாதிரி இருக்குன்னு கிண்டல் பண்ணுவாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. பாதி நேரம் காத்திருப்புதான். விண்கல்லை வெட்டிக்கிட்டு இருக்கும் கப்பலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.

அந்தச் சும்மா இருக்கும் நேரத்தைத்தான் விஞ்ஞானிகள் கேட்டாங்க.

'ப்ராஜெக்ட் டிஸ்கவரி' என்று அதற்குப் பெயர். 2017 ஜூலையில் வந்த அதன் இரண்டாவது கட்டத்தில், கேமுக்குள்ளேயே ஒரு ஜன்னலைத் திறந்தால் புள்ளி புள்ளியாக ஒரு வரைபடம் வரும். ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் நாளாக ஆக எப்படி மாறியது என்பதுதான் அது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நட்சத்திரம் கேமில் உள்ளது இல்லை. நம்ம வானத்தில் உள்ளது. பிரான்ஸ் தலைமையில் 2006 டிசம்பரில் ஏவப்பட்ட கோரோ செயற்கைக்கோள், 27 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்து எடுத்த அளவீடு. ஜெனீவா பல்கலைக்கழகம் இதில் கூட்டாளி. சூரியன் மாதிரியான ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை 1995-ல் முதன்முதலில் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான மிஷேல் மேயரும் இதில் இருந்தார். 2019-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, புதிர் என்ன? கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் போகும்போது வெளிச்சம் துளி குறையும். 2012 ஜூன் 6 காலையில் வெள்ளி சூரியனைக் கடந்ததை ஸ்கூலில் கண்ணாடி வைத்துப் பார்த்தவங்க இங்கே இருப்பீங்க. அதேதான். வரைபடத்தில் அது ஒரு சின்னப் பள்ளமா தெரியும். அதைக் குறிக்கணும். அதே பள்ளம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருதான்னு பார்க்கணும். வந்தால், மடிக்கிற கருவியால் வரைபடத்தை மடித்துப் பள்ளங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சரிபார்க்கணும்.

கேட்க ஈஸியா இருக்கு, இல்லையா? வியாழன் அளவுள்ள கோள் சூரியன் மாதிரியான நட்சத்திரத்தை மறைத்தால் குறைவது 1 சதவீதம். பூமி அளவுன்னா பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நட்சத்திரத்தின் மேல் உள்ள கரும்புள்ளி சுற்றி வந்தாலும் வெளிச்சம் குறையும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரமும் பள்ளம் போடும். மின்னூட்டத் துகள் வந்து டிடெக்டரில் மோதினால் கோடு திடீர்னு குதிக்கும். நான் முதல் வாரம் பார்த்ததில் எல்லாமே கோள் மாதிரிதான் தெரிந்தது. அப்புறம் கண் பழகப் பழக, பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இல்லைன்னு புரிய ஆரம்பிச்சது.

அதுக்குக் காரணம் வடிவியல். எங்கேயோ தூரத்தில் இருந்து நம்ம சூரியனைப் பார்க்கிற ஒருவருக்கு, பூமி அதன் முன்னால் கடந்து போவது தெரிய ஏறக்குறைய 200-ல் 1 வாய்ப்புதான். கோணம் சரியா அமையணும். அதோட, கோரோ ஒரு பகுதியை அதிகபட்சம் 150 நாள் மாதிரிதான் தொடர்ந்து பார்த்தது. வருஷத்துக்கு ஒருமுறை சுற்றும் கோள் அதில் சிக்கினால்கூட ஒரே ஒரு பள்ளம்தான் விழும். திரும்ப வரும் பள்ளத்தைத் தேடும் நிரல் அதை விட்டுவிடலாம். மனுஷக் கண் அங்கே நின்று, "இது என்ன?"ன்னு கேட்கும். இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. பிளானட் ஹண்டர்ஸ் என்ற தளத்தில் கெப்ளர் தொலைநோக்கியின் தரவைப் பார்த்த தன்னார்வலர்கள்தான் டாபியின் நட்சத்திரத்தை விசித்திரமா இருக்குன்னு எடுத்துக் காட்டினாங்க. அதன் வெளிச்சம் ஒருமுறை 22 சதவீதம்வரை குறைந்திருந்தது. 2015-ல் அது உலகச் செய்தியானது.

இப்போ எனக்கு உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். ஈவில் பதில் சொன்னால் ஐஎஸ்கே என்ற விளையாட்டுப் பணம் கிடைக்கும். பணம்னு வந்துட்டா மனுஷன் என்ன பண்ணுவான்? பெரும்பாலும் ஒன்றும் இல்லைன்னு தெரிந்த பிறகு, பார்க்காமலேயே "இல்லை, இல்லை"ன்னு அழுத்திக்கிட்டே போகலாமே? அதனால்தான் விடை ஏற்கனவே தெரிந்த வரைபடங்களையும் நடுவில் கலந்து விடுவாங்க. எது சோதனை, எது நிஜம்னு முன்கூட்டியே தெரியாது. தப்பா அழுத்தினால் உங்க துல்லிய மதிப்பெண் இறங்கும். ஒரே வரைபடம் பல பேர் கைக்கும் போகும். யாரோ ஒருத்தர் சொன்னதை வைத்து முடிவு பண்ண மாட்டாங்க.

இது இலவச உழைப்புதானேன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2016-ல் வந்த முதல் கட்டத்தில், மனித செல்லுக்குள் புரதம் எங்கே இருக்குன்னு படம் பார்த்துச் சொல்லணும். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் ஏறக்குறைய 3.3 கோடி பதில் கொடுத்தாங்க. அது 2018-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் கட்டுரையா வந்தது. அந்தக் கட்டுரையிலேயே வீரர்களின் பதில்களோடு ஒரு கணினி மாடலின் கணிப்பையும் சேர்த்திருந்தாங்க. ஆக, கம்பெனிக்கு ஆட்கள் கேமிலேயே இருக்காங்க, ஆய்வாளருக்குத் தரவு, வீரருக்குக் கேமுக்கு வெளியே செல்லாத காசு. கணக்கு சமம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் அழுத்தினது காசுக்காக மட்டும் இல்லைன்னும் எனக்குத் தெரியும். கப்பல் பொய், விண்கல் பொய், எதிரி பொய். அந்தப் புள்ளிகள் மட்டும் நிஜ வெளிச்சம்.

2020-ல் அதே ஜன்னலில் நட்சத்திரங்களுக்குப் பதிலா ரத்த செல்களின் தரவு வந்தது. கோவிட் ஆராய்ச்சிக்கு. புள்ளிக் கூட்டங்களைச் சுற்றிக் கோடு போட்டுப் பிரிக்கணும். பக்கத்தில் கப்பல் வழக்கம்போல விண்கல்லை வெட்டிக்கிட்டு இருக்கும்.