2 கோடி பேர் வருவாங்கன்னு யார் சொன்னது?

இன்னைக்கு டாபிக் கொஞ்சம் அரசாங்க ஃபைல் வாசனை அடிக்கும். ஆனா நேரா நம்ம வீட்டுத் தண்ணிக் குழாயில வந்து முடியும். ஒரு ஊருக்கு மாஸ்டர் பிளான் போடும்போது, இத்தனை வருஷத்துல இத்தனை பேர் வருவாங்க, அதுக்கு இவ்வளவு நிலம் வீட்டுமனைக்கு வேணும்னு ஒரு நம்பர் போடுவாங்க. அந்த நம்பரை நாம ஏன் கேள்வி கேக்கணும்ங்கிறதுதான் பேச்சு.

எனக்கு ஊர் பாப்பிரெட்டிப்பட்டி, வேலை பெங்களூரு. அதனால பெங்களூருல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2017 நவம்பர்ல பெங்களூரு வளர்ச்சி ஆணையம் 2031-க்கான மாஸ்டர் பிளான் டிராஃப்ட்டை வெளியிட்டாங்க. 2011-ல ஏறக்குறைய 90 லட்சமா இருந்த மக்கள்தொகை 2031-ல 2.03 கோடி ஆகும்னு அதுல போட்டிருந்தாங்க. ஆபீஸ்ல ஒரு சர்வர் வாங்கணும்னாக்கூட, இத்தனை யூசர் வருவாங்கன்னு எதை வச்சுச் சொல்றீங்கன்னு கேப்போம் இல்லையா? அதே கேள்வியை இங்கயும் கேப்போம்.

நகரத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது மத்திய அரசோட அளவுகோல். 2.03 கோடி பேருக்கு 274 கோடி லிட்டர் வேணும். காவிரியில முதல் நாலு கட்டத்துல வர்றது சுமார் 145 கோடி. 2024 அக்டோபர்ல தொடங்கின அஞ்சாவது கட்டம் 77.5 கோடி. ரெண்டையும் கூட்டினாலும் 50 கோடி லிட்டருக்கு மேல துண்டு விழுது. ஃபேக்டரி, ஹோட்டல், பைப் ஒழுகுறது எதையும் இதுல சேர்க்கல.

மீதி எங்க இருந்து வரும்? போர்வெல், இல்லன்னா மறுபடியும் காவிரி. 2018 பிப்ரவரி 16 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலா 14.75 டிஎம்சி கொடுத்துச்சு. அதுல 4.75 டிஎம்சி பெங்களூரு குடிநீருக்குன்னே. தமிழ்நாட்டோட பங்கு 192-ல இருந்து 177.25 ஆச்சு. அந்தக் காவிரிதான் ஒகேனக்கல் வருது. நம்ம பக்கம் நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டமும் 2013-ல தொடங்கின ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பித்தான் இருக்கு. அங்க ஒரு டிராஃப்ட்ல எழுதுற நம்பர் இங்க நம்ம குடத்தைத் தொடுது.

"அப்போ வீடு இல்லாதவங்க எங்க போவாங்க?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. 2012-ல மத்திய அரசு நிபுணர் குழு நகரங்கள்ல 1.87 கோடி வீடு பற்றாக்குறைன்னு சொன்னது. அதுல 95 சதவீதத்துக்கு மேல ஏழைகளும் குறைஞ்ச வருமானக்காரங்களும்தான். ஆனா 2011 கணக்கெடுப்புலயே நகரங்கள்ல சுமார் 1.1 கோடி வீடு காலியா இருந்துச்சு. அதாவது, எத்தனை வீடுன்னு மட்டும் இலக்கு வச்சா, தேவைப்படுறவங்களுக்கு வீடு கிடைக்காது. முதலீட்டுக்கு வாங்குறவங்களுக்குத்தான் கிடைக்கும்.

கேள்வி கேட்டா மாறுமா? கோவாவுல மாறிச்சு. 2006 ஆகஸ்ட்ல வந்த 'ரீஜனல் பிளான் 2011' தோப்பையும் மலைச்சரிவையும் குடியிருப்புப் பகுதியா மாத்துதுன்னு மக்கள் கிளம்பினாங்க. 'கோவா பச்சாவ் அபியான்'னு ஒரு இயக்கமே உருவாச்சு. 2007 ஜனவரியில அரசு அந்தப் பிளானைக் கைவிட்டுச்சு. பெங்களூரு டிராஃப்ட்டையும் 2020-ல கர்நாடக அரசு திரும்ப வாங்கிக்கிச்சு. எதிர்ப்பு மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அரசு போட்ட நம்பர் கல்வெட்டு இல்லன்னு தெரியுது.

இப்போ நம்ம ஊர். சேலத்துல இருந்து மஞ்சவாடி கணவாய் தாண்டி வாங்க. ரோட்டோரம் நெல்லும் மஞ்சளும் விளைஞ்ச இடத்துல மனைக்கல் நட்டிருக்கும். வீடு ஒண்ணு ரெண்டுதான். வாணியாறு அணைத் தண்ணியை நம்பின நிலம் ஒரு தடவை மனை ஆயிடுச்சுன்னா, திரும்ப வயலாகிறது ரொம்பக் கஷ்டம்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-படி மாஸ்டர் பிளான் டிராஃப்ட் வந்தா, ஆட்சேபம் சொல்லக் குறைஞ்சது ரெண்டு மாசம் டைம் தரணும். உங்க ஊருக்கு டிராஃப்ட் வந்தா மூணே கேள்வி எழுதிக் கொடுங்க. இந்த மக்கள்தொகை நம்பர் எப்படி வந்துச்சு? இப்போ காலியா இருக்கிற மனையும் வீடும் எத்தனை? தண்ணி எங்க இருந்து? பதில் இல்லன்னா, நம்பரைக் குறைக்கச் சொல்லுங்க. மனு தமிழ்லயே எழுதலாம். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.