காத்திருந்த நாளை யார் எழுதுவது?

(போடிமெட்டில் கூடிய மென்பொருள் மதிப்பீட்டுக் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)

  கீழே முந்தலிலிருந்து இங்கே ஏறி வர 17 கொண்டை ஊசி வளைவு. தலைசுற்றல் நின்றிருக்கும் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

அஜைல் முறையில் நடக்கும் மென்பொருள் வேலைக்கு எவ்வளவு உழைப்பு, எத்தனை நாள் என்று முன்கூட்டிச் சொல்வதை எப்படிச் சீராக்குவது என்பது இன்றைய பொருள். உழைப்பையும் நாளையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஒன்றைக் கணக்குப் போட்டால் இன்னொன்று தானாக வந்துவிடும் என்கிற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இரண்டும் எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்று பார்க்க இந்தப் போடிப் பகுதியைவிடத் தோதான இடம் கிடையாது.

மதுரை–போடி ரயில்பாதை 1928இல் வந்தது. மலையிலிருந்து ஏலக்காய் இறங்கும் ஊருக்கு ரயில் வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். பிறகு அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். மொத்தமே 90 கிலோமீட்டர்தான். உசிலம்பட்டி வரை சோதனை ஓட்டம் நடந்தபோது 2020 ஜனவரி ஆகிவிட்டது. தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் 15. பாதையை மூடிய வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் சொந்த ஊர் ஸ்டேஷனில் ரயிலைப் பார்த்தது.

90 கிலோமீட்டருக்கு என்ன உழைப்பு வேண்டும் என்று ரயில்வே பொறியாளருக்குத் தெரியாதா? எத்தனை பாலம், எவ்வளவு மண், ஆண்டிபட்டிக் கணவாயில் எவ்வளவு பாறை என்பதெல்லாம் அளந்து சொல்லக்கூடியவை. முன்பின் ஆகலாம், பன்னிரண்டு வருடம் ஆகாது. வருடத்தைத் தின்றது பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் காசுக்காகக் காத்திருந்த காத்திருப்பு. மண்வெட்டி ஓய்ந்திருந்த நாளும் ஏராளம்.

இதே போடி மேற்கு மலையில் இன்னொரு கணக்கும் கிடக்கிறது. நியூட்ரினோ ஆய்வகம். முதலில் நீலகிரியில் சிங்காராவைப் பார்த்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குப் பக்கம் என்று 2009இல் மறுக்கப்பட்டு, பொட்டிபுரத்துக்கு வந்தது. மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் குகைப்பாதை, 50,000 டன் இரும்புக் கருவி, சுமார் 1,500 கோடி ரூபாய் என்று 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் அனுமதி மறுபடி கிடைத்தது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. எதிர்ப்பு நியாயமா என்று தீர்ப்புச் சொல்வது இந்த அவையின் வேலை இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: குகையைக் குடைய எத்தனை மாதம் என்பது அந்த விஞ்ஞானிகளின் திட்டத்தில் இருந்திருக்கும். ஊர் சம்மதிக்க எத்தனை வருடம் என்பதற்கு எந்த வரைபடத்திலும் கட்டம் இல்லை.

இதெல்லாம் அரசாங்க வேலை, நம் வேலை அப்படியில்லை என்று சிலர் நினைக்கலாம். நம் வேலைப் பட்டியலிலிருந்து ஒரே ஒரு டிக்கெட்டை, அதாவது ஒரு சிறு வேலையை, எடுத்து மேசையில் வைத்துப் பார்ப்போம்.

ஏலக்காய் ஏலத்துக்கு ஒரு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு எடுத்தவரின் பில்லில் ஜிஎஸ்டி எண் தனி வரியாக வர வேண்டும். வேலையின் அளவு என்று மூன்று ஸ்டோரி பாயிண்ட் போட்டாயிற்று. திங்கட்கிழமை காலை டெவலப்பர் எடுக்கிறார். செவ்வாய் மதியம் எழுதி முடித்து ரிவ்யூவுக்கு அனுப்புகிறார். பார்க்க வேண்டிய லீடு ஒரு புரொடக்‌ஷன் சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்து இரண்டு திருத்தம் சொல்கிறார். திருத்த அரைமணி நேரம். அடுத்த வாரம் டெஸ்டிங் சர்வரில் வேறு டீமின் பில்டு ஓடுகிறது. புதன்கிழமைதான் இடம் கிடைக்கிறது. டெஸ்டர் ஒரு கேள்வி கேட்கிறார்: ஜிஎஸ்டி எண்ணே இல்லாத சின்ன வியாபாரிக்கு அந்த வரி வெறுமையாக வரட்டுமா, வராமலே போகட்டுமா? நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அதற்கடுத்த திங்கட்கிழமை பதில் வருகிறது; செவ்வாய் மாலை டிக்கெட் மூடுகிறது.

12 வேலை நாள். யாராவது கைவைத்து வேலை பார்த்த நேரத்தைக் கூட்டினால் இரண்டரை நாள் தேறும். ஸ்பிரிண்ட் என்ற வேலைச் சுற்று முடிந்ததும் ரெட்ரோ என்ற அலசல் கூட்டத்தில் என்ன எழுதுவோம்? 'எஸ்டிமேட் தப்பு, அடுத்த முறை ஐந்து பாயிண்ட் போடவும்.' எஸ்டிமேட் தப்பே இல்லை. வேலையின் அளவைச் சரியாகத்தான் சொன்னார்கள். லீடு பார்க்காத மூன்று நாளுக்கும், சர்வர் கிடைக்காத இரண்டு நாளுக்கும், கல்யாணத்துக்கும் பாயிண்ட் கிடையாது. அதனால் அவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நம் துறை அரை நூற்றாண்டாக இரண்டரை நாளைத் துல்லியமாக்கப் பாடுபடுகிறது. மிச்ச ஒன்பதரை நாளைப் பற்றி எழுதிய கட்டுரைகள் சொற்பம்.

இரண்டரை நாளைத் துல்லியமாக்கிய முயற்சிகளை நான் குறைத்துப் பேசவில்லை. 1979இல் ஐபிஎம்மின் ஆலன் ஆல்பிரெக்ட் ஃபங்ஷன் பாயிண்ட் என்ற அளவீட்டைக் கொண்டுவந்தார். 1981இல் பேரி போம் 63 புராஜெக்ட்டுகளின் கணக்கை வைத்து கோகோமோ என்ற மதிப்பீட்டு மாதிரியைத் தந்தார். வேலை என்னவென்றே தெளியாத கட்டத்தில் சொல்லும் மதிப்பீடு நான்கு மடங்காகவும் போகலாம், கால் பங்காகவும் சுருங்கலாம் என்று காட்டியவரும் அவரே. நம் ப்ரீசேல்ஸ் ஆட்கள் ஒப்பந்தம் பிடிக்கத் தேதி சொல்வது சரியாக அந்தக் கட்டத்தில்தான். டீம் அமையும் முன்பே தேதி அமைந்துவிடுகிறது. பிறகு டீமை உட்கார வைத்து 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்பது சடங்கு. முடிவான தேதிக்குப் பொருத்தமாக எண்ணைப் பின்னோக்கி வகுத்துக் கொடுப்பதற்கு எஸ்டிமேட் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிளானிங் போக்கர் என்ற மதிப்பீட்டு முறையை ஜேம்ஸ் கிரென்னிங் 2002இல் எழுதினார். ஆளுக்கொரு சீட்டு, கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்புவது. முதலில் காதில் விழுந்த எண் மற்றவர்களின் எண்ணை இழுத்துக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இந்த இழுப்பு கற்பனை இல்லை. நார்வேயில் மாக்னே யோர்கென்சன் வருடக்கணக்காகச் சோதித்திருக்கிறார். வாடிக்கையாளருக்கு மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர் நினைக்கும் எண்ணை மட்டும் காதில் போட்டாலும் நிபுணர்களின் மதிப்பீடு அந்தப் பக்கம் சாய்கிறது. நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மூன்று என்று எண்ணியவர் சீட்டைத் திருப்பும் முன் லீடு முகத்தைப் பார்ப்பார். அண்ணன் ஐந்து போட்டால் அவரும் ஐந்து. இரண்டாவது ஸ்பிரிண்டிலேயே எல்லோர் சீட்டும் ஒரே எண் காட்டும். ஸ்க்ரம் மாஸ்டர் அதை ஒருமித்த கருத்து என்று பதிவு செய்வார். அந்த அமைதியில் புதைந்து போவது, எட்டு போட வேண்டும் என்று நினைத்த புதுப் பெண்ணின் காரணம். அவளுக்குத்தான் பழைய டேட்டாபேஸைத் தொட வேண்டியிருக்கும் என்று தெரியும்.

ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தன் வேலை என்று வந்தால் கணக்கு இளகிவிடும். 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூவர் உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 48.6 நாள். நடந்தது 55.5 நாள். கற்பனை செய்த கெட்ட காலத்தையும் நிஜம் தாண்டிவிட்டது. முந்தைய ஏட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால் இந்தத் தவறு குறைந்திருக்கலாம். ஆனால் யாரும் புரட்டுவதில்லை. இந்த முறை வேறு மாதிரி என்றே ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இந்தக் கருத்தரங்குக்கு வந்த சுருக்கங்களில் கணிசமானவை செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஸ்டோரி பாயிண்ட்டைக் கணிப்பது பற்றியவை. ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டீப்-எஸ்இ என்ற மாதிரியை 16 திறந்தமூல புராஜெக்ட்டுகளின் 23,313 டிக்கெட்டுகளில் பழக்கி, நல்ல பலன் என்று அறிவித்தார்கள். 2022இல் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது, எளிய முறைகளைவிட அது எப்போதும் முந்துவதாகத் தெரியவில்லை. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. ஸ்டோரி பாயிண்ட் என்பதே ஒருவரின் ஊகம். ஊகத்தைத் துல்லியமாக ஊகிக்கும் இயந்திரம் நமக்கு எதற்கு? டிக்கெட்டுகளைப் பதியும் ஜிரா மென்பொருளில் அந்தக் கட்டம் நிரம்பியிருப்பதால் அதை எடுக்கிறோம். ஸ்டோரி பாயிண்ட்டைத் தானே கண்டுபிடித்திருக்கலாம் என்று சொன்ன ரான் ஜெஃப்ரிஸே, அப்படியானால் அதற்கு வருந்துகிறேன் என்றும் எழுதிவிட்டார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதிக் கொடுப்பதால் எல்லா எஸ்டிமேட்டையும் பாதியாக்கிவிடலாம் என்ற பேச்சும் மேலதிகாரிகளிடம் பரவியிருக்கிறது. 2025இல் மீட்டர் (METR) என்ற அமைப்பு அனுபவமுள்ள 16 டெவலப்பர்களையும் 246 வேலைகளையும் வைத்துச் சோதித்தது. கருவியால் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாக நம்பினார்கள். கடிகாரப்படி 19 சதவீதம் கூடுதலாகவே ஆகியிருந்தது. அந்தக் கருவிகள் மாறிவிட்டன, இனியும் மாறும். வேலை முடிந்த பிறகும்கூட எவ்வளவு நேரம் ஆனது என்று நமக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது.

அப்படியானால் எதை எண்ணுவது? இந்த மலைத்தோட்டங்களில் இருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். ஏலச்செடியில் ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் விளைந்த காயும் சேர்ந்தே இருக்கும். ஒரே நாளில் பறித்து முடிக்க முடியாது. ஏறக்குறைய 40 நாளுக்கு ஒரு எடுப்பாகச் சுற்றிச் சுற்றி வருவார்கள். விடியலில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் ஏறிப் போகும் பெண்கள் எடுப்பது விளைந்ததை மட்டும். சாயங்காலம் எடை போடுவார்கள். பச்சைக்காய் ஐந்து கிலோவுக்கு உலர்காய் ஒரு கிலோ என்பது கைக்கணக்கு. அடுத்த எடுப்புக்கு எத்தனை ஆள், காய் உலர்த்தும் ஸ்டோரில் எவ்வளவு விறகு என்பதை முதல் எடுப்பின் எடையும் சரத்தில் நிற்கும் பிஞ்சும் சொல்லும். வருடத் தொடக்கத்தில் போட்ட கணக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் தொங்குவதில்லை.

நம்மிடம் இருக்கும் எடை, வாரத்துக்கு எத்தனை டிக்கெட் உண்மையிலேயே மூடியது என்பது. 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி ஒன்று போதும். வாரம் 6 டிக்கெட் மூடும் டீம் 24ஐத் திறந்து வைத்திருந்தால், புதிதாக நுழையும் டிக்கெட் சராசரியாக 4 வாரத்தில் வெளியே வரும். 12ஐ மட்டும் திறந்து வைத்தால், மூடும் வேகம் மாறாதவரை, 2 வாரம். ஆள் சேர்க்க வேண்டாம். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே சொல்லிவிட்டார். மீதி 40 டிக்கெட் எப்போது முடியும் என்று கேட்டால், கடந்த வாரங்களின் எண்ணிக்கையைக் குலுக்கிப் போட்டு ஆயிரம் முறை எதிர்காலத்தை ஓட்டிப் பாருங்கள். மான்டி கார்லோ என்பது அவ்வளவே. 'தீபாவளிக்கு முன் முடிய பாதி வாய்ப்பு, கார்த்திகைக்குள் முடிய 85 சதவீதம்' என்று பதில் கிடைக்கும். கிளையன்ட் ஒரு தேதியைக் கேட்பார், வீச்சை ஏற்கமாட்டார் என்று மேனேஜர்கள் சொல்கிறார்கள். ஏலத்தில் விலை வீச்சோடுதான் வியாபாரம் செய்கிறார்கள் மனிதர்கள்; தேதிக்கு மட்டும் மனது வராது என்பதை நான் நம்பமாட்டேன்.

இந்த அவையிடம் ஒரு வேலை கேட்கிறேன். நம் கல்லூரிகளில் வருடாவருடம் நூற்றுக்கணக்கான இறுதியாண்டு புராஜெக்ட்டுகள் நடக்கின்றன. முதல் நாளே மாணவர்கள் முடிக்கும் தேதியை, ஒரு தேதியாக இல்லாமல் முன்தேதி, பின்தேதி என்று இரண்டாக, மூடிய உறையில் எழுதித் தரட்டும். பிறகு ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இரண்டு கட்டம்: கைவைத்த நேரம், காத்திருந்த நேரம். எதற்காகக் காத்திருந்தது என்று ஒரு சொல் போதும். லேப் சாவி, தரவு, கரண்ட், கைடு கையெழுத்து. கைடுகளின் பெயர் வேண்டாம், பயப்படாதீர்கள். ஒரே வருடத்தில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு காத்திருப்புத் தரவுத்தொகுப்பு கிடைக்கும். கம்பெனி நண்பர்கள் அதையே ஒரு டீமில், ஒரு காலாண்டுக்குச் செய்து, வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டுத் தரலாம்.

சேர விரும்பும் கல்லூரிகள் மதிய இடைவேளையில் வரவேற்பு மேசையில் பெயர் கொடுங்கள். இனி வரும் அமர்வுகளில் கட்டுரைக்கு 15 நிமிடம், கேள்விக்கு 5. முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.