குடிநீரும் கழிவுநீரும் பொதுப் பொறுப்பே



சாப்பா முறையை எதிர்த்து 1953இல் துறைமுகத் தொழிலாளர்கள் இரத்தம் சிந்திய மண் இந்த மட்டாஞ்சேரி. அருகிலேயே காயல் இருந்தும் குடிநீர் தொலைவிலிருந்துதான் வருகிறது. 2023 தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதடைந்தன. மேற்குக் கொச்சி மக்கள் வாரக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தனர். பராமரிப்புக்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் முன்கூட்டியே நிதி ஒதுக்குவதே இதற்கு விடை.

கழிவுநீரின் நிலையும் வேறன்று. நகரின் பெரும்பகுதியில் பாதாளச் சாக்கடை இல்லை. நெருக்கமான குடியிருப்புகளின் கழிவு கால்வாயில் கலக்கிறது. ஓதம் ஏறும்போது அதே நீர் ஏழைகளின் வாசலுக்குத் திரும்புகிறது.

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் குடிநீரையும் துப்புரவையும் நகராட்சிகளுக்கு உரிய பணிகளாகப் பட்டியலிட்டது. அதற்கான நிதியை உறுதி செய்யவில்லை. கேரளமோ 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே, திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு அளிக்க முடிவெடுத்தது. ஆயினும் சுத்திகரிப்பு நிலையம் போன்ற பெரும்பணிகள் உள்ளாட்சியின் சக்திக்கு மீறியவை. அவற்றுக்கு ஒன்றிய, மாநில அரசுகளே முதலீடு செய்ய வேண்டும்.

தனியாரிடம் கொடுத்தால் தீரும் என்போருக்குப் பாரிஸ் நகரமே பதில்: 2010இல் அது குடிநீர் வழங்கலைத் தனியாரிடமிருந்து மீட்டுத் தானே ஏற்றது.

குழாயையும் சாக்கடையையும் ஒரே திட்டமாக்கும் கோரிக்கையை ஒவ்வொரு வார்டு சபையிலும் எழுப்புவோம்!