கைப்பேசியும் நம் பெண்களின் உடல்நலமும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். நான் பேசப்போவதும் கல்வியே. பெண்களின் பாலியல் நலத்தையும் எச்.ஐ.வி. தடுப்பையும் இம்மேடையில் பேசுவதா என்று முகம் சுளிப்பவர்கள் என்னைச் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் மாணவியாயிருந்த நிர்மலா, அரசுக் காப்பில்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் தென்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறே. எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இதை நிர்மலா அவர்களே பின்னாளில் கூறியுள்ளார். அவர்களுடைய அரும்பணியை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், தன் உடலைப் பற்றிய செய்தி தனக்கே தெரியாத நிலை ஏழைப் பெண்ணுக்கு அன்றோடு முடிந்துவிட்டதா?

சட்டத்தில் முடிந்துவிட்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்புதலின்றிச் சோதனை செய்யலாகாது, முடிவை வெளியிடலாகாது.

நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் வசதிக்குக் குறைவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 2004ஆம் ஆண்டு முதலே கூட்டு மருந்து இலவசம். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் உள்ளன. குறை வேறிடத்தில் இருக்கிறது. மாமல்லபுரம், கோவளம் விடுதிகளில் துப்புரவு வேலை முடித்து நம் பெண்கள் பேருந்து ஏறும்போது வெளிநோயாளர் பிரிவு மூடப்பட்டிருக்கும். விடுப்பெடுத்துச் சென்றாலோ, வரிசையில் தெருக்காரர் ஒருவராவது நிற்பார். மாலைக்குள் காலனி முழுவதும் பேச்சாகிவிடும்.

இங்கேதான் கைப்பேசி உதவுகிறது. 1097 என்ற எண்ணை அழைத்து எச்.ஐ.வி. பற்றிக் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பொது மருத்துவ ஆலோசனைக்கு 104 உண்டு. இ-சஞ்சீவனி வழியாக அரசு மருத்துவரை முகம் பார்த்தே கலந்து பேசலாம். தொற்று நேர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். அந்நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தயங்கி நிற்க இயலுமா? சிகிச்சை இல்லாவிடில் தாயிடமிருந்து நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்கு இக்கிருமி பரவக்கூடும். உரிய சிகிச்சையால் அது ஐந்துக்கும் கீழே குறைகிறது. கைப்பேசி இரத்தத்தைச் சோதிக்காது என்பது உண்மையே. ஆனால் எங்கே செல்வது என்று சொல்லும். கைப்பேசியில் உலவும் லேகிய விற்பனையாளரின் பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஆனால் அக்கைப்பேசி யாருடையது?

என் மாணவி ஒருத்தி, கடற்கரை விடுதியொன்றில் அறைகளைத் தூய்மை செய்பவள். வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியுமாக நான்கு மாதம் துன்புற்றாள். அண்ணனின் கைப்பேசியில் அதைப் பற்றித் தேடிப் பார்த்தாள். அவள் தேடியதை அண்ணன் கண்டான். கேட்ட கேள்விகளை இங்கே சொல்லத் தகாது, கையும் நீட்டினான். அதன்பின் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நெடுநாள் கழித்து என் துணைவியாரிடம் சொல்லி அழுதாள். அவர் அழைத்துச் சென்று காட்டினார். சாதாரணத் தொற்றுதான், சில நாள் மாத்திரையில் குணமாயிற்று. கவனியாது விட்டிருந்தால் இத்தகைய தொற்றுகள் கருப்பையைக் கெடுக்கும். சில வகைத் தொற்றுகள் எச்.ஐ.வி.க்கும் வழி திறந்துவிடும்.

அண்ணனை மட்டும் நான் குறை கூறமாட்டேன். அவ்விருவரும் பத்தாம் வகுப்புப் படித்தபோது, இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அறிவியல் ஆசிரியர் கடந்துபோனார். தலைமையாசிரியனாகிய நான் அதனை அறிந்தும் வாளாவிருந்தேன். இப்போது எங்கள் பள்ளியில் அப்பாடத்தை ஆண், பெண் இருபாலார்க்கும் செவிலியரை வைத்து நடத்துகிறோம்.

தம்பிமார்களே, உங்கள் அக்காவோ தங்கையோ கைப்பேசி கேட்டால் கொடுங்கள். திரும்பி வந்தபின் அதைத் துருவிப் பார்க்காதீர்கள்.

அம்மாணவி சென்ற பொங்கலுக்குத் தன் ஊதியத்தில் கைப்பேசி வாங்கினாள். அதன் பூட்டு எண்ணை அண்ணன் கேட்டானாம். "கொடுக்கவில்லை, அம்மா" என்று என் துணைவியாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.