பனிக்காலக் காளானும் வேற்றுமையணியும்



வறுமையின் கொடுமையைப் புலப்படுத்தப் புறநானூற்றுப் புலவர் பெருந்தலைச் சாத்தனார் காட்டிய அடையாளம், சமையலை மறந்த அடுப்பில் பூத்த ஆம்பி. ஆம்பி என்பது காளான். இங்குப் பசியின் சின்னமாக நின்ற காளான், இங்கிலாந்தின் பனிக்காலத்தில் காட்டில் தேடிப் பறிக்கும் உணவாகிறது.

இலையுதிர்காலக் காளான்கள் பெரும்பாலும் உறைபனி தொட்டதும் அழிந்துவிடும். ஃபிளம்முலினா வெலுட்டிப்பெஸ் என்னும் காளானோ அப்போதுதான் தலைகாட்டும். முற்பெயருக்குச் சிறுசுடர் என்றும், பிற்பெயருக்கு வெல்வெட் பாதம் என்றும் பொருள். பிசுபிசுப்பான செம்மஞ்சள் குடைகளும், அடி கறுத்து வெல்வெட் போன்றிருக்கும் காம்புமாக, பட்ட மரங்களில் கொத்துக் கொத்தாக முளைக்கும். 1960களின் இறுதியில் பரவத் தொடங்கிய கொடிய நோய், பிரிட்டனில் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைக் கொன்றது. அவ்வாறு பட்ட எல்ம் மரம் இக்காளானுக்கு உகந்த இடம். உறைந்து கட்டியானாலும், பனி உருகியதும் மீண்டும் வித்துத்தூள் உதிர்க்கும் உயிர்ப்பு அதற்கு உண்டு.

ஆயினும் அதே மரத்துண்டில் அதனைப் போன்றே தோன்றும் காலெரினா மார்ஜினாட்டாவும் முளைக்கக்கூடும். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டு பல மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். பின்னர்க் கல்லீரல் சிதையும். அதன் காம்பில் மெல்லிய வளையம் உண்டு. ஆனால் அது உதிர்ந்துபோவதும் உண்டு. எனவே தேர்ந்தவர் வளையத்தை மட்டும் நம்பார். குடையைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு காத்திருப்பார். விடியலில் நல்ல காளான் வெண்தூளும், நச்சுக்காளான் துருவின் பழுப்புத்தூளும் பதித்திருக்கும். வெண்தூள் ஒன்றே போதாது. காம்பு, குடை, முளைத்த மரம் அனைத்தும் பொருந்த வேண்டும். கொத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்க வேண்டும். ஐயம் எஞ்சினால் எறிந்துவிட வேண்டும்.

இரு பொருள்களின் ஒப்புமையைக் கூறிப் பின் வேறுபாட்டைக் காட்டுவதை வேற்றுமையணி என்கிறது தண்டியலங்காரம். கவிஞன் உவமையோடு நின்றுவிட்டால் பாட்டுக்குப் பழுதில்லை. காளான் தேடுபவன் ஒப்புமையோடு நின்றுவிட்டால் உயிர் தப்பாது. அவன் கூடையில் வேற்றுமையணியே சோற்றுக்கும் சாவுக்கும் இடையே நிற்கிறது.