ஆங்கில அருஞ்சொற்கள்



சயானிலும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம் இளைஞர் பலர், போட்டித் தேர்வுகளை முன்னிட்டு நாளொன்றுக்குப் பத்து, இருபது என ஆங்கில அருஞ்சொற்களை மனப்பாடம் செய்கின்றனர். முயற்சி பாராட்டுதற்குரியதே. ஆயினும், நாம் கையொப்பமிடும் தாள்களிலேயே அத்தகைய சொற்கள் நிறைந்து கிடக்க, வேறெங்கோ தேடுவானேன்?

இந்நகரில் வாடகைக்குக் குடியேறும் நம்மவரிற் பெரும்பாலோர் கையொப்பமிடுவது ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்னும் ஒப்பந்தம். ‘லீவ்’ என்றதும் அலுவலக விடுமுறையே நம் நினைவில் எழும். அச்சொல்லின் பழம்பொருள் அனுமதி என்பதாம். பணிக்கு வாராதிருக்கப் பெறும் அனுமதியே பின்னர் விடுமுறையாயிற்று. ‘லைசென்ஸ்’ என்பதற்கும் பொருள் அதுவே. முன்னது பழைய ஆங்கிலச் சொல், பின்னது இலத்தீன் வழி வந்தது. ‘டெனன்ட்’ என்பதோ, ‘பிடித்திருத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரிற் பிறந்தது. அவருக்கு வீட்டின்மீது ஒரு பிடி உண்டு. ‘லைசென்சீ’க்கு இசைவு மட்டுமே உண்டு. தமிழில் இருவரையும் ‘குடியிருப்பவர்’ என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். சட்டம் அவ்வாறு அமைவதில்லை. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, காலம் முடிந்தும் வீட்டைக் காலி செய்யாத லைசென்சீ, கட்டணத்தின் இருமடங்கை இழப்பீடாகச் செலுத்த நேரிடும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்பது 55ஆம் பிரிவு. இதனையும் நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, இச்சொற்களின் ஈற்றைக் காண்போம். ‘லைசென்சர்’ அளிப்பவர், ‘லைசென்சீ’ பெறுபவர். ரயில்வே ரசீதிலும் ‘கன்சைனர்’ சரக்கை அனுப்புபவர். ‘கன்சைனீ’ அதைப் பெறுபவர். தமிழில் ‘ஈ’ என்றால் கொடு என்று பொருள். ஆங்கிலத்தில் ‘ஈ’ என முடிந்தால் பெரும்பாலும் கொள்பவர்! முரண்போல் தோன்றினும், ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் இரக்குஞ் சொல் என்று தொல்காப்பியர் வகுத்ததை எண்ணினால் எளிதில் மனத்திற் பதியும். ‘ரெஃப்யூஜீ’ போன்ற விலக்குகளும் உள.

சரக்குக் கணக்கெழுதும் எம்மனோர் ‘டெமரேஜ்’, ‘வார்ஃபேஜ்’ என்னும் சொற்களை எந்தப் பட்டியலிலும் படித்தறிந்தோமல்லோம். இலவச நேரங் கடந்து வேகனை நிறுத்திவைத்தால் முன்னது; சரக்கை ரயில்வே இடத்தினின்று அகற்றாவிடில் பின்னது. வணிகருக்கு இரண்டும் தண்டமே! நாள்தோறும் சீட்டு எழுதும் கைக்கு அவை வேறு வேறு.

ஆதலின், நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இத்தகைய தாள்களைக் கூடியிருந்து படிக்கலாம் என்பது எம் வேண்டுகோள். இளைஞர் ஆங்கிலத்தை வாசிக்க, முதியோர் தமிழிற் பொருள் கேட்கட்டும். கேட்பவர்க்கு விளங்கும்வரை அடுத்த வரிக்குச் செல்லவேண்டா. வருவோர் தத்தம் ஒப்பந்தத்தின் நகலை மட்டும் கொணர்க. மூலம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.